வானத்தில் கொட்டும் எரிபொருள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 2024 அக்டோபர் 11 அன்று திருச்சியிலிருந்து சார்ஜா கிளம்பிய விமானம் ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்தத்தால் பிரேக் முதலியவற்றை இயக்கும் அமைப்பு) கோளாறால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வட்டமடித்த பிறகே இறங்கியது. எரிபொருளைக் கொட்டிவிட்டு உடனே இறங்கியிருக்கலாமே? (வாசகர், பாலக்கோடு)

பதில்: இறங்கும்போது அனுமதிக்கப்படும் உச்ச எடை, கிளம்பும் உச்ச எடையைவிடக் குறைவு; எடையைக் குறைக்கத்தான் எரிபொருளைக் கொட்டுவது. ஆனால் இந்த விமானத்தில் கொட்ட வழியே இல்லை. அது போயிங் 737. அதிலும் ஏர்பஸ் 320-இலும் அதற்கான குழாய், வால்வு எதுவும் கிடையாது. முழு எடையில் கிளம்பி, கால் மணி நேரத்தில் திரும்பி வந்து, இறங்க முடியாமல் மறுபடி மேலெழ நேர்ந்தாலும் ஏறும் திறன் போதுமானால் இந்த ஏற்பாடு தேவையில்லை என்பது விதி. அதனால் எரித்துத்தான் தீர்க்க வேண்டும், மணிக்கு ஏறக்குறைய இரண்டரை டன். எடை குறையக் குறைய இறங்கும் வேகமும் குறையும். ஹைட்ராலிக் பழுதான நேரத்தில் அதுவே பெரிய உதவி. "எரிபொருளைக் கொட்டிவிட்டு இறங்கியது" என்று எங்கேனும் படித்திருந்தால், அது தவறு.

கேள்வி: பெரிய விமானங்களில் எப்படிக் கொட்டுகிறார்கள்? (வாசகர், ஓசூர்)

பதில்: போயிங் 777-300 ஈஆரைப் பார்ப்போம். கிளம்ப உச்ச எடை 351 டன். இறங்க 251 டன்தான். இடையில் உள்ள நூறு டன், லிட்டரில் ஒன்றேகால் லட்சம். 20,000 லிட்டர் டேங்கர் லாரி ஆறு நிரம்பியும் மிச்சம் இருக்கும்.

விமானியின் தலைக்கு மேலுள்ள பலகையில் முதலில் 'ஆர்ம்' (தயார்) ஸ்விட்ச். அதை அழுத்தியதும், இறங்கும் எடைக்கு எவ்வளவு எரிபொருள் மிஞ்ச வேண்டும் என்று கணினியே கணக்குப் போடும். விமானி குமிழைத் திருகி அந்த அளவை மாற்றலாம். அடுத்து இடது, வலது வால்வுகளின் ஸ்விட்ச். பம்புகள் தள்ள, இறக்கையின் பின்விளிம்பில் உள்ள இரண்டு வாய்கள் வழியே எரிபொருள் பீய்ச்சும். நடு டாங்கியில் இருப்பு உள்ளவரை நிமிடத்துக்குச் சுமார் 2.5 டன், இறக்கை டாங்கிகளில் மட்டும் என்றால் 1.4 டன். ஆக, நூறு டன்னுக்கு நாற்பது நிமிடமாவது வேண்டும். இறக்கை டாங்கிக்குள் ஒரு குழாய் நிமிர்ந்து நிற்கும். அதன் வாய்க்குக் கீழே இருப்பது எந்த ஸ்விட்சுக்கும் வெளியே வராது.

கேள்வி: மாமரம் பூத்திருக்கும்போது விமானம் வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டு போகிறது. எரிபொருள் பூவில் விழுமா? (வாசகர், கிருஷ்ணகிரி)

பதில்: அது எரிபொருள் அல்ல. தளியில் மார்கழிக் காலையில் வாயைத் திறந்தால் புகை வருமே, அதே சங்கதி. என்ஜினிலிருந்து வரும் நீராவி, மைனஸ் 40 டிகிரிக் குளிரில் பனித்துகளாகிறது. உற்றுப் பாருங்கள்: என்ஜினுக்கும் கோட்டுக்கும் நடுவே சிறு இடைவெளி இருக்கும். கொட்டும் எரிபொருளோ இறக்கையிலிருந்தே இரண்டு தாரையாகக் கிளம்பி, சற்று நேரத்தில் கலைந்துவிடும்.

கொட்டினாலும் 6,000 அடிக்குக் கீழே கூடாது என்பது சர்வதேச வழிகாட்டல். அந்த உயரத்தில் பெரும்பகுதி ஆவியாகிவிடும். மற்ற விமானங்களைப் பத்து கடல் மைல் தள்ளியே வைப்பார்கள். 2020 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு 777, இதைவிட வெகு தாழ்வாக, பள்ளிக்கூடங்களுக்கு மேலே கொட்டியது. அறுபது பேர் அளவில் தோல், மூச்சு எரிச்சலுக்குச் சிகிச்சை பெற்றார்கள். கட்டுப்பாட்டு அறை முன்கூட்டியே "கொட்ட வேண்டுமா?" என்று கேட்டிருந்தது, விமானி வேண்டாம் என்றிருந்தார்.

கேள்வி: கொட்ட நேரமில்லை என்றால்? (வாசகர், தொப்பூர்)

பதில்: கனத்தோடே இறங்குவார்கள். இறங்கும் உச்ச எடையில் நொடிக்கு 10 அடி வேகத்தில் தரை தொட்டாலும் தாங்கும்படி கட்டுகிறார்கள். கிளம்பும் உச்ச எடையில் 6 அடி. மெல்லத் தொட்டால் சக்கரக்கால் உடையாது. பிறகு விரிவான பரிசோதனை உண்டு. தீ, புகை என்றால் கொட்டிக்கொண்டு காத்திருக்கவே கூடாது. 1998-இல் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் அருகே, உள்ளே தீப்பிடித்து 229 பேருடன் விழுந்த எம்டி-11 விமானம், கொட்டுவதற்காகக் கடல் பக்கம் திரும்பியிருந்தது. நேரே போயிருந்தாலும் ஓடுபாதையை எட்டியிருக்காது என்றே விசாரணை சொன்னது.

கனத்தில் இறங்கினால் பிரேக்தான் பாடுபடும். உங்கள் கணவாய் இறக்கத்தில் லோடு லாரியின் பிரேக் கருகும் வாடை தெரியும் அல்லவா? விமானச் சக்கரத்தில் சூடு மீறினால் உருகும் அடைப்பான் ஒன்று இருக்கும்; அது உருகி, டயர் வெடிக்காமல் காற்றை வெளியே விட்டுவிடும். அதுவரை சக்கரத்தின் பக்கவாட்டில் யாரும் நிற்கக் கூடாது; தீயணைப்பு வீரர்களும் முன்னாலோ பின்னாலோதான் நெருங்குவார்கள்.