ஓடுபாதை எவ்வளவு தாங்கும்? கேட்டவர்களுக்குப் பதில்

(ஓடுபாதைப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நம் உறுப்பினர் பதில் சொல்கிறார்.)

யீஷூன் வாசகர்: அண்ணே, சிலேத்தார் விமான நிலையம் எனக்குப் பக்கம். பட்ஜெட் விமானங்களை அங்கே விட்டால் சாங்கி வரை அலைய வேண்டாமே?

ஆசை நியாயம்தான். ஆனால் சிங்கப்பூரின் பெரிய விமான நிலையமான சாங்கியில் ஓடுபாதை 4,000 மீட்டர் நீளம், சிலேத்தாரில் 1,836. 2019-ல் மலேசியாவின் சுபாங்கிலிருந்து ஃபயர்ஃபிளை நிறுவனம் அங்கே வரத் தொடங்கியபோது கொண்டுவந்தது ஏடிஆர் 72 என்ற சிறிய விசிறி விமானம். முழு எடையே 23 டன்தான். பட்ஜெட் நிறுவனங்கள் ஓட்டும் ஏ320 ஜெட் எண்பது டன்னை நெருங்கும். அதனால் அங்கே வரவே முடியாது என்றில்லை. ஆளையும் பெட்டியையும் எரிபொருளையும் குறைத்துக்கொண்டு கிளம்ப வேண்டிவரும். அப்புறம் அந்த டிக்கெட் விலை யாருக்குக் கட்டுப்படியாகும்?

தெம்பனீஸ் வாசகர்: தரையை அதிகம் பதம்பார்ப்பது இரட்டை மாடி ஏ380 விமானம்தானே, சார்?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அதன் எடை 575 டன் வரை போகும், சரி. ஆனால் பாரம் சுமக்கும் முதன்மைச் சக்கரங்கள் 20. போயிங் 777-300இஆர் 351 டன், சக்கரம் 12. வகுத்துப் பாருங்கள், இரண்டிலும் சக்கரத்துக்கு 29 டன் பக்கம் வரும். 777-க்குத்தான் ஒரு நூல் கூட! டயர் காற்றழுத்தம், சக்கரங்களுக்கு இடையிலான தூரம், அடிமண் எல்லாம் சேர்த்துத்தான், இவ்வளவு பாரம் தாங்கும் என்று பாதைக்கு வலிமை எண் போடுவார்கள்.

அதே வாசகர்: அந்த எண்ணைத் தாண்டினால் பாதை உடைந்துவிடுமா?

பாலம் மாதிரி பட்டென்று உடையாது, ஆயுள் தேயும். எப்போதாவது வரும் விமானம் என்றால், தார்ப்பாதையில் 10 விழுக்காடு மிகையைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது இக்காவோ (ஐ.நா.வின் விமானப் போக்குவரத்து அமைப்பு) வழிகாட்டல். தினப்படி ஓட்டத்துக்கு அது பொருந்தாது. இன்னொன்று, வேகமாக ஓடும் நடுப்பகுதியைவிட, விமானங்கள் முழு எரிபொருளோடு வரிசையில் நிற்கும் இடத்தில்தான் அடி அதிகம். உச்சி வெயிலில் தார் இளகி, டயர் நின்ற தடத்திலேயே பள்ளம் விழும். பராமரிப்பு ஆட்கள் முதலில் குனிந்து பார்ப்பது அங்கேதான்.

உட்லண்ட்ஸ் வாசகி: மழை பெய்தால்?

ஜெட் பயணி விமானம் காய்ந்த பாதையின் 60 விழுக்காட்டுக்குள் இறங்கி நிற்க வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் கிளம்பும். ஈரம் என்றால் இன்னும் 15 விழுக்காடு நீளம் வேண்டும். சாங்கியில் அது பிரச்சினையே இல்லை.

ஜூரோங் வாசகர்: திருச்சிக்குப் பெரிய விமானம் விட முடியாதா, அண்ணே? தீபாவளிக்கு டிக்கெட்டே கிடைப்பதில்லை.

அங்கே ஓடுபாதை 2,500 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. வெயிலில் காற்று லேசாகிவிடுவதால், 15 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 1 விழுக்காடு கூடுதல் நீளம் வேண்டும் என்பது திட்டமிடுபவர்களின் கணக்கு. 35 டிகிரி என்றால் 20 விழுக்காடு. ஆனாலும் நான்கு மணி நேரப் பயணம்தானே, எரிபொருள் குறைவாக ஏற்றினால் போதும். தரை வலிமையும் ஒத்துவந்தால் இரண்டு நடைபாதை உள்ள நடுத்தர அகல விமானம் எழும்பிவிடும். லண்டனுக்கு நேராக முழுப் பாரத்தோடு போக நினைத்தால்தான் நீளம் உதைக்கும்.