பிளஸ் ஒன்னில் எந்தப் பிரிவு? மாமா ஒன்று சொல்கிறார், அப்பா ஒன்று சொல்கிறார்

கேள்வி: என் மகள் ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் வழியில் படித்தவள். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளி. இப்போது பத்தாம் வகுப்பில் 412 மதிப்பெண் எடுத்திருக்கிறாள். தமிழ் 93, ஆங்கிலம் 86, கணிதம் 61, அறிவியல் 78, சமூக அறிவியல் 94. கம்ப்யூட்டர் குரூப் எடுத்தால்தான் வேலை கிடைக்கும் என்கிறார் புதுச்சேரியில் இருக்கும் என் தம்பி. அங்கே தனியார் சி.பி.எஸ்.இ. பள்ளியில் சேர்த்து, பணமும் அவரே கட்டுவதாகச் சொல்கிறார். சிப்காட்டில் வேலை பார்க்கும் என் கணவருக்கு மகளை டாக்டராகப் பார்க்க ஆசை. சயின்ஸ் குரூப்தான் என்று நிற்கிறார். 'காமர்ஸ் போதும்' என்று பள்ளியில் சொல்கிறார்கள். மகளோ வாயைத் திறப்பதில்லை. வரலாறு படிக்கப் பிடிக்கும் என்று தங்கையிடம் மட்டும் சொன்னாளாம். என்ன செய்வது?
(பெயர் வேண்டாம், ரெட்டிச்சாவடி, கடலூர் மாவட்டம்)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்று பேர் மூன்று யோசனை சொல்லியிருக்கிறார்கள். படிக்கப்போகிறவளின் யோசனை மட்டும் தங்கை வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்திருக்கிறது. அது கிடக்கட்டும், முதலில் பெரியவர்களின் யோசனைகளைப் பார்த்துவிடலாம்.

உங்கள் தம்பி சொல்லும் கம்ப்யூட்டர் குரூப்பில் கணினி அறிவியல் நான்கில் ஒரு பாடம்தான். மற்ற மூன்றும் கணிதம், இயற்பியல், வேதியியல். தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்கு 200-க்குக் கட்-ஆஃப் கணக்கிடுகிறார்கள். அதில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. கணினி அறிவியல் மதிப்பெண்ணுக்கு அங்கே இடமே இல்லை. பத்தாம் வகுப்பில் கணிதத்தில் 61 எடுத்த பிள்ளை பிளஸ் டூவில் 95 எடுக்கவே முடியாது என்று நான் சொல்லமாட்டேன். கணிதத்தின் மேல் ஆசை இருந்து, நல்ல ஆசிரியரும் வாய்த்தால் நடக்கும். ஆனால் அந்த ஆசை உங்கள் கடிதத்தில் எங்கேயும் தென்படவில்லை. கணினிதான் வேண்டுமென்றால் வணிகவியல் பிரிவிலும் கணினிப் பயன்பாடுகள் என்று ஒரு பாடம் உண்டு. பி.காம். படிப்பிலேயே கணினிப் பயன்பாட்டுப் பிரிவு பல கல்லூரிகளில் இருக்கிறது.

இனி உங்கள் கணவரின் ஆசை. மருத்துவம் என்றால் நீட். இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலும் இரண்டு வருடம் ஊறிக் கிடக்கவேண்டும். அறிவியல் பிரிவு எடுத்தவர்கள் எல்லோரும் டாக்டர்தான் ஆகவேண்டும் என்பதும் இல்லை. பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம்., வேளாண்மை, மீன்வளம் என்று எத்தனையோ படிப்புகள் அந்தப் பிரிவை நம்பித்தான் இருக்கின்றன. தமிழ்நாட்டில் நர்சிங் சேர்க்கைக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும். மகளுக்கு நர்சிங் மேல் மனம் இருந்தால் கணவரின் யோசனை அருமையானது. இல்லையென்றால், பிடிக்காத நான்கு பாடங்களை இரண்டு வருடம் சுமக்கச் சொல்லாதீர்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு உண்மையில் பதற்றம் தந்தது புதுச்சேரி யோசனைதான். ரெட்டிச்சாவடியிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் எல்லை வந்துவிடும். காய்கறி வாங்கவும், ஜிப்மருக்குப் போகவும், கல்யாணத்துக்குத் துணி எடுக்கவும் அந்த எல்லையை நாம் ஒரு பொருட்டாகவே நினைப்பதில்லை. பள்ளி விஷயத்தில் அப்படி இருந்துவிடாதீர்கள்.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவம், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளில் 7.5 சதவீத இடம் தனியாக ஒதுக்கப்படுகிறது. மருத்துவத்துக்கு 2020-லும் மற்றவற்றுக்கு 2021-லும் வந்த சட்டம் இது. இந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. உங்கள் மகள் அதில் ஐந்து வருடத்தை முடித்துவிட்டாள். பதினொன்றாம் வகுப்புக்கு எல்லை தாண்டினால் அந்த ஐந்து வருடமும் கணக்கில் வராது. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் அவளுக்கு இல்லை. இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. டி.என்.பி.எஸ்.சி. வேலைகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்த வேலைக்குரிய கல்வித் தகுதி வரை தமிழ் வழியில் படித்திருக்கவேண்டும். பட்டப் படிப்பு கேட்கும் வேலைகளுக்கு, இடையில் இரண்டு வருடம் ஆங்கில வழிக்குப் போனாலும் தகுதி போய்விடும். பத்து வருடமாகச் சேர்த்த தகுதியை ஒரு ஜூன் மாதத்தில் தூக்கிக் கொடுப்பதா?

புதுச்சேரி சலுகைகளாவது கிடைக்குமா என்றால் அதுவும் இல்லை. அங்கே அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 10 சதவீத ஒதுக்கீடு உண்டு. ஆனால் தம்பி பார்த்து வைத்திருப்பது தனியார் பள்ளி. புதுச்சேரி அரசின் மாணவர் சேர்க்கை அமைப்பான சென்டாக் மூலம் உள்ளூர் ஒதுக்கீட்டில் இடம் வாங்க அங்கேயே குடியிருந்ததற்கான சான்றும் வேண்டும். மாமா வீடு அங்கே இருக்கிறது என்பதால் அந்தச் சான்று கிடைத்துவிடாது. தமிழ்வழியில் சமச்சீர்ப் பாடத்தைப் படித்த பிள்ளை, திடீரென்று ஆங்கிலத்தில் சி.பி.எஸ்.இ. இயற்பியலைத் திறந்து உட்கார்ந்தால் முதல் ஆறு மாதம் எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

உங்கள் தம்பியின் அன்பில் எனக்குச் சந்தேகமே இல்லை. காதணி விழாவுக்குச் சீர் கொண்டுவரும் தாய்மாமன் படிப்புக்கும் கொண்டுவர நினைக்கிறார்; எல்லோருக்கும் அப்படி ஒரு மாமன் வாய்ப்பதில்லை. அந்தப் பணத்துக்கு வேறு வழி சொல்கிறேன். மஞ்சக்குப்பத்திலோ திருப்பாதிரிப்புலியூரிலோ ஒரு நல்ல தட்டச்சுப் பயிலகத்தில் தமிழ், ஆங்கிலம் இரண்டுக்கும் சேர்த்துவிடச் சொல்லுங்கள். லோயர், ஹையர் தட்டச்சுத் தேர்வுகளை முடித்திருந்தால் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் தட்டச்சர் பணிக்கும் போட்டியிடலாம். பழைய காலத்துப் படிப்பு என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

இப்போது அந்த மதிப்பெண் பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். வீட்டில் எல்லோரும் கணிதம் 61-ஐயே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் தமிழ் 93-ஐயும் சமூக அறிவியல் 94-ஐயும் பார்க்கிறேன். குரூப் 4 தேர்வின் 200 கேள்விகளில் 100 தமிழ். பொது அறிவுப் பகுதியில் வரலாறும் அரசியலமைப்பும் புவியியலும் பொருளாதாரமும்தான் நிறைந்திருக்கும். உங்கள் மகள் விரும்பிப் படிப்பவற்றில் பாதி அந்தத் தேர்வுக்கான பாடமே. சட்டப் படிப்பும் இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் ஐந்தாண்டுப் படிப்புக்கு எந்தப் பிரிவில் பிளஸ் டூ முடித்தவர்களும் விண்ணப்பிக்கலாம். நுழைவுத்தேர்வு இல்லை, மதிப்பெண்தான் கணக்கு. விழுப்புரத்திலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. மேலே சொன்ன 7.5 சதவீதம் சட்டத்துக்கும் பொருந்தும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பள்ளியில் சொன்ன 'காமர்ஸ் போதும்' என்ற பேச்சில் அந்த 'போதும்' எனக்குப் பிடிக்கவில்லை. மதிப்பெண் குறைந்தவர்களை ஒதுக்கி வைக்கும் இடமாக வணிகவியலை நினைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. பட்டயக் கணக்காளர் ஆக விரும்புகிறவர் முதல் படியான ஃபவுண்டேஷன் தேர்வில் கணக்கியலோடு கணிதமும் புள்ளியியலும் எழுதவேண்டும். ஒவ்வொரு தாளிலும் 40 சதவீதம், மொத்தத்தில் 50 சதவீதம் எடுத்தால்தான் தேர்ச்சி. சோம்பேறிகளுக்கான வழி இல்லை அது.

என் யோசனை இது. வரலாறு, பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல் என்று நான்கும் சேர்ந்த ஒரு பிரிவு மேல்நிலைப் பள்ளிகளில் உண்டு. உங்கள் பள்ளியிலோ கடலூர் நகரத்து அரசுப் பள்ளிகளிலோ அது இருக்கிறதா என்று கேளுங்கள். அவளுக்குப் பிடித்த வரலாறும் கிடைக்கும், பி.காம்., சி.ஏ. பக்கம் போக மனம் வந்தால் கணக்குப்பதிவியலும் கைவசம் இருக்கும். பொறியியல், நர்சிங், பி.எஸ்சி. அறிவியல் படிப்புகள் கிடைக்காது. அதை உங்கள் கணவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பிறகு தொழில்நுட்பப் பக்கம் ஆசை வந்தாலும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியை வைத்துப் பாலிடெக்னிக்கில் முதலாண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரவும் வழி இருக்கிறது. கொஞ்சம் சுற்றுவழிதான்.

முடிவெடுப்பதற்கு முன்னால் பக்கத்துத் தெருவில் பிளஸ் ஒன் முடித்த பிள்ளைகளிடமிருந்து கணக்குப்பதிவியல், வரலாறு, இயற்பியல் புத்தகங்களை இரவல் வாங்கி அவளிடம் கொடுங்கள். ஒரு வாரம் யாரும் எதுவும் கேட்கவேண்டாம். எந்தப் புத்தகத்தின் ஓரம் மடங்கியிருக்கிறது என்று பாருங்கள். அதன்பிறகு தங்கையை அனுப்பாமல் நீங்களே கேளுங்கள். அப்பா வேலைக்குப் போன நேரமாக இருந்தால் நல்லது. அவள் இயற்பியல்தான் என்று சொன்னால் நான் மேலே எழுதியதையெல்லாம் தள்ளிவிட்டு அதிலேயே சேருங்கள். வகுப்பு தொடங்கிய சில வாரங்களுக்குள் பிரிவை மாற்றக் கேட்டால் பெரும்பாலான தலைமையாசிரியர்கள் மறுப்பதில்லை.

சேர்க்கைக்குப் போகும்போது ஒன்றை மட்டும் மறக்காமல் கேளுங்கள். அந்தப் பிரிவின் நான்கு பாடங்களுக்கும் இப்போது ஆசிரியர் இருக்கிறாரா, குறிப்பாகக் கணக்குப்பதிவியலுக்கு? இடம் காலியாக இருந்து, பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலமும் யாரையும் போடவில்லை என்றால் கடலூர் நகரத்துப் பள்ளிக்கே போய்விடுங்கள். மாணவர்களுக்கு இலவச பஸ் பாஸ் இருக்கிறது.