நாற்பதாயிரம் ரூபாயும் ஒரு எக்ஸ்பல்ஸும்: மண் பாதைக்கு முதல் செலவு எது?

ஓசூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி பைக் வைத்திருக்கிறேன். வாரம் முழுக்க வேலைக்கு அதில்தான் போகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மண் பாதையில் ஓட்ட ஆசை. இரண்டு முறை போனேன், இரண்டு முறையும் மணலில் விழுந்தேன். டயரை மாற்று, சைலன்ஸரை மாற்று, ஹேண்டில்பாரை உயர்த்து என்று நண்பர்கள் சொல்கிறார்கள். கையில் நாற்பதாயிரம் இருக்கிறது. எதை முதலில் செய்வது? எங்கே ஓட்டுவது?”

வண்டியில் இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். முன்சக்கரம் 21 அங்குலம், பின்சக்கரம் 18, இரண்டும் ஸ்போக் வீல். தரையிலிருந்து 220 மில்லிமீட்டர் உயரம், எடை 160 கிலோவுக்குள். மண்ணில் பழகுகிறவருக்கு இது தாராளம். சைலன்ஸரை மாற்றினால் கூடப்போவது சத்தம்தான். அந்தச் சத்தத்தோடு ஊருக்குள் நுழைந்தால் அடுத்த வாரமே அந்தப் பாதையில் குறுக்கே முள்ளை வெட்டிப் போட்டுவிடுவார்கள். அது நியாயமும்கூட.

பணத்தை முதலில் பூட்ஸில் போடுங்கள். மண் பாதையில் விழுவது பெரும்பாலும் பத்து, பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில்தான். ஆனால் அந்த வேகத்தில்தான் காலைத் தரையில் ஊன்றப் பார்ப்போம். அதே கால் மேல் வண்டி சாயும். கால் வைக்கும் ஃபுட்பெக்குக்கும் தரைக்கும் நடுவே கணுக்கால் மாட்டினால் சாதாரண ஷூ ஒன்றுமே செய்யாது. முழங்காலுக்குக் கீழ் வரை வரும், பக்கிள் போட்ட, திருகினால் மடங்காத பூட்ஸ் வேண்டும். கடையில் போட்டுப் பார்க்கும்போது நடப்பதற்கு அசௌகரியமாக இருக்கும். அது குறையில்லை, அப்படித்தான் இருக்க வேண்டும். மீதிப் பணத்தில் முழங்காலுக்கு ‘நீ கார்டு’, அப்புறம் கையுறை. நல்ல ஹெல்மெட் ஏற்கெனவே இருக்கிறது என்று நம்புகிறேன்.

அடுத்தது காற்று. இதற்குக் காற்றழுத்தம் பார்க்கும் ஒரு கேஜும், உங்கள் வால்வுக்குப் பொருந்தும் சின்னக் கைப்பம்பும் போதும். ரோட்டுக்கு அடித்த காற்றோடு மணலில் இறங்கினால் டயர் கத்தி மாதிரி உள்ளே வெட்டிக்கொண்டு போகும். நீங்கள் விழுந்ததற்குப் பாதிக் காரணம் இதுவாகத்தான் இருக்கும். மண் பாதை தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி, இரண்டு சக்கரத்திலும் 20 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்குங்கள். அடிப்பக்கம் லேசாகப் பிதுங்கி, தரையைத் தொடும் இடம் அகலமாவது கண்ணுக்கே தெரியும். கல் நிறைந்த பாதை என்றால் 22-க்குக் கீழே போகாதீர்கள். உங்களுடையது டியூப் டயர். கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கினால் அருகருகே இரண்டு ஓட்டை விழும். நம் பக்கத்தில் சீமைக் கருவேல முள்ளுக்கும் பயப்பட வேண்டும். காய்ந்து மண்ணோடு கிடந்தால் தெரியாது. ஒரு ஸ்பேர் டியூப், டயரை நெம்பிக் கழற்றும் டயர் லிவர் இரண்டு பையில் இருக்கட்டும். வீட்டு வாசலில் ஒரு முறை நீங்களே டியூப் மாற்றிப் பாருங்கள். வெயிலில், நடுக்காட்டில் அதை முதல்முறையாகக் கற்றுக்கொள்வது ரொம்பக் கொடுமை.

இப்போது மணல். எழுந்து நில்லுங்கள். பாதத்தின் முன்பகுதி ஃபுட்பெக்கில், முழங்கால்கள் டேங்கை லேசாக அணைத்தபடி, இடுப்பு கொஞ்சம் பின்னால். கை பிடிக்க வேண்டியது ஹேண்டில்பாரைத்தான், ஆனால் ஒரு குருவியைப் பிடிப்பதுபோல. மணலில் முன்சக்கரம் இடமும் வலமும் ஆடும். அதை ஆட விடுங்கள். இறுக்கிப் பிடித்து நேராக்கப் பார்ப்பவர்தான் விழுகிறார். இரண்டாவது கியரில், ஆக்சிலரேட்டரைச் சீராகத் திறந்தே வைத்திருங்கள். பயத்தில் மூடினால் எடை முழுக்க முன்னால் வந்து சக்கரம் புதையும். பார்வை இருபதடிக்கு அப்பால் இருக்கட்டும். முன்பிரேக்கை மணலில் மறந்துவிடலாம்.

இறக்கத்தில் கதை வேறு. முதல் கியர், கிளட்சைத் தொடாமல் இன்ஜினே வண்டியைப் பிடிக்கட்டும். முன்பிரேக்கை ஒரே விரலால் மெல்ல. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உங்கள் வண்டியில் முன்சக்கரத்துக்கு மட்டும்தான். பின்பிரேக்கை அழுத்தி மிதித்தால் சக்கரம் நின்று, வண்டி வால் பக்கம் சறுக்கும் என்பதை வெற்று மைதானத்தில் பத்து முறை செய்து பார்த்துப் பழகுங்கள். ஏற்றத்தில் இன்ஜின் அணைந்து நின்றுவிட்டால் கிளட்சைப் பிடிக்கவே கூடாது. கியரில் இருக்கும் இன்ஜின்தான் பின்சக்கரத்தைப் பூட்டி வைத்திருக்கிறது. பிடித்த மறுநொடி வண்டி பின்னோக்கி உருளும். அந்த நிலையில் எடையெல்லாம் பின்னால் இருப்பதால் முன்பிரேக் மட்டும் தாங்காது.

என் முதல் வருடத்தில் ஒரு வண்டிப்பாதையில் மெதுவாகச் சாய்ந்தேன். எனக்கு ஒன்றுமில்லை, கிளட்ச் லிவர் பாதியில் முறிந்துவிட்டது. மூன்று கிலோமீட்டர் தள்ளினேன். அன்றிலிருந்து லிவரைப் பிடித்திருக்கும் கிளாம்பின் போல்ட்டை முழுக்க இறுக்குவதில்லை. கையால் அழுத்தித் திருப்பினால் சுழலும் அளவுக்கு மட்டும் இறுக்கி வைத்தால், விழும்போது லிவர் முறியாமல் சுழன்றுவிடும். காசில்லாமல் செய்யக்கூடிய மிக நல்ல மாற்றம் இது. அப்போதே லிவரைக் கொஞ்சம் கீழ்நோக்கித் திருப்பி வையுங்கள், நின்று ஓட்டும்போது மணிக்கட்டு வலிக்காது.

விழுந்த வண்டியைத் தூக்கவும் முறை உண்டு. முதலில் இன்ஜினை அணையுங்கள், கியரில் போடுங்கள். வலது பக்கம் சாய்ந்திருந்தால், தூக்கும் முன்பே சைடு ஸ்டாண்டை விரித்துவிடுங்கள். இல்லையென்றால் நிமிர்த்திய வேகத்தில் இடது பக்கம் போய் விழும். முதுகை வளைக்காமல் தொடையின் பலத்தில் எழுந்திருங்கள்.

எங்கே என்ற கேள்விக்கு வருகிறேன். ஓசூரைச் சுற்றி ஆசையைக் கிளப்பும் பாதைகளில் பெரும்பாலானவை காப்புக்காட்டுக்குள் போகின்றன. ஜவளகிரி, அஞ்செட்டி பக்கம் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் 2014-லேயே அறிவிக்கப்பட்டது. அனுமதியில்லாமல் நுழைவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் கிடக்கட்டும், அங்கே யானை இருக்கிறது. ராகி விளையும் மாதங்களில் பன்னர்கட்டா காட்டிலிருந்து கூட்டமாக இறங்கி தளி, தேன்கனிக்கோட்டை வரை வரும். வளைவில் இன்ஜின் சத்தத்தோடு திரும்பி, குட்டியோடு நிற்கும் யானையின் முன்னால் போய் நிற்பதை நினைத்துப் பாருங்கள். எந்தப் பாதைக்காகவும் அந்த ஆபத்தில் மாட்ட வேண்டாம்.

கோடையில் வற்றிய ஏரிப் படுகைதான் பழகுவதற்கு நல்ல இடம். அங்கேயும் ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். மேலே வெடித்துக் காய்ந்திருக்கும் சேறு நடுவில் உள்ளே ஈரமாக இருக்கும், ஓரமாகவே ஓட்டுங்கள். கரைமேல் ஏற்றி இறக்காதீர்கள், டயர் அறுத்த தடத்தில்தான் மழைத்தண்ணீர் இறங்கிக் கரையை அரிக்கும். உழுது வெறுமையாகக் கிடக்கும் மானாவாரி நிலத்தில் விதை விழுந்திருக்கலாம். வரப்போரம் சொட்டுநீர்க் குழாய் ஓடலாம். பாதையில் மட்டும் போங்கள், ஆடு மாடு எதிரே வந்தால் இன்ஜினையே அணைத்துவிட்டு நில்லுங்கள்.

தனியாகப் போக வேண்டாம். காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்குள் முடித்துவிடுங்கள். களைத்த பிறகு ஓட்டும் கடைசி அரைமணியில்தான் கை கால் முறிகிறது. தார் ரோடு ஏறும் முன் காற்றை மறுபடி அடியுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஏர் ஃபில்டரைப் பாருங்கள், செயினைக் கழுவி எண்ணெய் விடுங்கள். பிறகு ஒரு சின்ன ஸ்பேனரால் ஒவ்வொரு ஸ்போக்காகத் தட்டுங்கள். இறுக்கமாக இருப்பது ‘டிங்’ என்று ஒலிக்கும். எங்கே ‘டொக்’ என்று மந்தமாகக் கேட்கிறதோ அதில் சாக்பீஸால் குறி போட்டு, திங்கட்கிழமை வேலைக்குப் போகும் வழியில் மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.