அப்கிரேடுக்குப் பிறகு கம்ப்யூட்டர் ஆன் ஆகத் தாமதமா? உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

புதிய இயங்குதளத்துக்கு மாறியதிலிருந்து பூட் ஆக, அதாவது ஆன் ஆகி வேலைக்குத் தயாராக, நேரமாகிறது என்று பலரும் கேட்டிருக்கிறீர்கள். ஒரு வேண்டுகோள்: எதையும் கழற்றவோ அழிக்கவோ தொடங்கும் முன், எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பவர் பட்டனை அழுத்தியதிலிருந்து வட்டம் சுழலத் தொடங்கும் வரை ஒரு கட்டம். அங்கிருந்து லாகின் திரை வரை அடுத்தது. பாஸ்வேர்டு கொடுத்து டெஸ்க்டாப் நம் கைக்கு வரும் வரை மூன்றாவது. போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு மூன்றையும் தனித்தனியாகக் குறித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

கேள்வி: நேற்றுதான் விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு மாறினேன். டெஸ்க்டாப் வந்த பிறகும் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100% காட்டுகிறது. பழையதற்கே திரும்பிவிடலாமா சார்?

பதில்: அவசரப்படாதீர்கள். அப்கிரேடு முடிந்ததும் ஃபைல்களுக்குத் தேடல் அட்டவணை போடுவது, விண்டோஸின் ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் ஸ்கேன், ஸ்டோர் ஆப்களின் அப்டேட், டிரைவர் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) இறக்கம் எல்லாம் பின்னணியில் ஒன்றாக ஓடும். சார்ஜரை மாட்டி ஓரிரு நாள் ஓடவிடுங்கள். இடையில் அப்டேட் கேட்டால் ரீஸ்டார்ட் கொடுங்கள். ஹார்ட் டிஸ்க் என்றால் இன்னும் கொஞ்சம் பொறுமை வேண்டும். திரும்பிப் போகும் வசதி 10 நாள்தான் இருக்கும். அதற்குள் இடம் மிச்சப்படுத்துகிறேன் என்று பழைய விண்டோஸ் சேமிக்கப்பட்டிருக்கும் ‘விண்டோஸ்.ஓல்டு’ ஃபோல்டரை அழித்துவிட்டால் அதுவும் போய்விடும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டதால், வேறு வழியே இல்லையென்றால் மட்டும் திரும்புங்கள்.

கேள்வி: ரீஸ்டார்ட் செய்தால் வேகமாக வருகிறது. ஷட்டவுன் செய்துவிட்டு ஆன் செய்தால்தான் இழுக்கிறது. தலைகீழாக இருக்கிறதே?

பதில்: நல்ல தடயம் இது. விண்டோஸ் 8 காலத்திலிருந்தே ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்று ஒன்று உண்டு. அது ஆனில் இருந்தால் ஷட்டவுன் என்பது முழு ஷட்டவுன் அல்ல. நம் புரோகிராம்கள் மூடப்படும். ஆனால் கெர்னலும் (இயங்குதளத்தின் மையப் பகுதி) டிரைவர்களும் இருந்த நிலை அப்படியே ஹைபர்நேஷன் (உறக்க நிலை) ஃபைலாக டிஸ்கில் எழுதப்படும். அடுத்த முறை ஆன் செய்யும்போது விண்டோஸ் அதையே மெமரிக்குள் ஏற்றும். ரீஸ்டார்ட்டில் இந்தக் குறுக்கு வழி கிடையாது, எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். உறக்கத்திலிருந்து ஒழுங்காக எழுந்திருக்கத் தெரியாத டிரைவர் ஒன்று இருந்தாலும், நீங்கள் சொல்வதுபோல் ஷட்டவுனுக்குப் பிறகு மட்டும் தாமதமாகும்.

கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று தேர்வு செய்யும் பக்கத்தில் இதை அணைத்துப் பாருங்கள். சரியாகிவிட்டால் காரணம் உறுதி. பிறகு கிராபிக்ஸ், சிப்செட் (மதர்போர்டின் கட்டுப்பாட்டுச் சிப்கள்) டிரைவர்களை லேப்டாப் அல்லது மதர்போர்டு தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து எடுத்துப் போடுங்கள். எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) உள்ளவர்கள் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிரந்தரமாகவே அணைத்துவைத்தாலும் பெரிய இழப்பில்லை. சில நொடிகள்தான் வித்தியாசம்.

கேள்வி: ஸ்டார்ட்அப் ஆப்ஸ் எல்லாவற்றையும் டிசேபிள் செய்துவிட்டேன். லாகின் திரை வரவே இரண்டு நிமிடம் ஆகிறது.

பதில்: அந்தப் பட்டியலில் இருப்பவை நீங்கள் லாகின் செய்த பிறகு ஓடுபவை. உங்கள் தாமதம் அதற்கு முன்பே நடக்கிறது, ஆகவே டிரைவர் அல்லது சர்வீஸ் (பின்னணியில் தானாக ஓடும் புரோகிராம்) பக்கம் தேட வேண்டும். ஊகிக்கத் தேவையில்லை, விண்டோஸே எழுதி வைத்திருக்கிறது. விண்டோஸின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், டயக்னாஸ்டிக்ஸ்-பெர்ஃபார்மன்ஸ், ஆபரேஷனல் என்று வரிசையாகத் திறங்கள். எண் 100 என்றால் மொத்த பூட் நேரம், மில்லி நொடிகளில். 101 தாமதப்படுத்திய புரோகிராம், 102 டிரைவர், 103 சர்வீஸ். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அதைப் பிடியுங்கள். பழைய ஆன்டிவைரஸின் மிச்சங்கள் அங்கே அடிக்கடி தென்படும். அதைத் தயாரித்தவர்களே தரும் நீக்கும் கருவியால் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: வட்டம் சுழலத் தொடங்கும் முன்பே நீண்ட நேரம் நிற்கிறது.

பதில்: அந்த நேரத்தில் விண்டோஸ் இன்னும் வேலையைத் தொடங்கவே இல்லை. டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பக்கத்தில் மேலே ‘லாஸ்ட் பயாஸ் டைம்’ பாருங்கள்; பயாஸ் என்பது விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் மென்பொருள். அது அதிகமாக இருந்தால் பென்டிரைவ், வெளி டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஆன் செய்து பாருங்கள். பயாஸில் பூட் வரிசையில் நெட்வொர்க் முதலில் இருந்தால் கீழே இறக்குங்கள்.

கேள்வி: 8 ஜிபி ரேம், ஹார்ட் டிஸ்க். ரேம் கூட்டவா, எஸ்எஸ்டி போடவா?

பதில்: எஸ்எஸ்டி, சந்தேகமே வேண்டாம். பூட் ஆகும்போது படிக்கப்படுவது டிஸ்கில் அங்கங்கே சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகள். ஹார்ட் டிஸ்கின் முள் ஒவ்வொன்றுக்கும் நகர்ந்தாக வேண்டும், அதனால் நொடிக்கு நூறு சொச்சம் படிப்பதற்குள் அதற்கு மூச்சு வாங்கும். எஸ்எஸ்டி அதையே பல்லாயிரக்கணக்கில் செய்கிறது. ஆனால் முதலில் ஈவென்ட் வியூவரின் சிஸ்டம் லாக்கில் டிஸ்க் என்ற பெயரில் 7 அல்லது 153 எண் பிழைகள் இருக்கின்றனவா பாருங்கள். 7 என்றால் பேட் பிளாக், அதாவது டிஸ்கில் படிக்க முடியாமல் கெட்டுப்போன இடம். 153 என்றால் படிக்கவோ எழுதவோ முடியாமல் மறுபடி முயன்றது. இவை இருந்தால் வேகத்தை மறந்துவிட்டு இன்றே ஃபைல்களை வேறு டிஸ்கில் நகலெடுங்கள். பூட் வேகத்தை எப்போது வேண்டுமானாலும் சரிசெய்யலாம், போன படங்கள் திரும்பி வராது.

கேள்வி: ரெஜிஸ்ட்ரியை (விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் இடம்) சுத்தம் செய்யும் கிளீனர் ஏதாவது சொல்லுங்கள்.

பதில்: வேண்டாம். பூட் வேகத்துக்கு அதனால் பலனில்லை, தேவையான பதிவை அழித்துவிடும் ஆபத்துதான் மிச்சம்.

கேள்வி: நான் உபுண்டு லினக்ஸ் பயன்படுத்துகிறேன். அப்கிரேடு செய்ததிலிருந்து ஒவ்வொரு முறையும் சரியாக ஒன்றரை நிமிடம் நிற்கிறது.

பதில்: அந்த ‘சரியாக’ என்ற சொல்லே காட்டிக்கொடுக்கிறது. உபுண்டுவைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி ஒரு டிஸ்குக்காகக் காத்திருந்து கைவிடும் இயல்பான அவகாசம் 90 நொடி. பூட் ஆகும்போது இணைக்க வேண்டிய டிஸ்க் பகுதிகளைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் (/etc/fstab) ஃபைலில் இப்போது இல்லாத ஒரு பார்ட்டிஷனின் யூயுஐடி (அடையாள எண்) கிடக்கும், பெரும்பாலும் ஸ்வாப் (ரேமுக்குத் துணையான டிஸ்க் இடம்). டிஸ்க்ஸ் அப்ளிகேஷனில் உண்மையான யூயுஐடியைப் பார்த்து ஒப்பிடுங்கள். ஃபைலை நகலெடுத்து வைத்துக்கொண்டு, தவறான வரியின் முன்னால் # போட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். அப்படியும் நின்றால் டெர்மினலில் ‘சிஸ்டம்டி-அனலைஸ் கிரிட்டிகல்-செயின்’ கட்டளை தரும் வரிகளை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.