'பீப்' சத்தமும் கடைமடைத் தண்ணீரும்

கேள்வி: மன்னார்குடி பக்கம் ஒரு கிராமத்தில் மாலை வகுப்பு எடுக்கிறேன். பின்னம் சொல்லிக்கொடுக்க டேப்லெட்டில் ஒரு விளையாட்டு செய்தேன். வாய்க்கால் தண்ணீரை மூன்று வயலுக்குப் பங்கிட வேண்டும். சரி என்றால் நட்சத்திரம், தப்பு என்றால் சிவப்புப் பெருக்கல் குறியும் 'பீப்' சத்தமும். யாருக்கு எத்தனை நட்சத்திரம் என்று தினமும் பட்டியல் வரும். முதல் வாரம் அடித்துப் பிடித்து விளையாடினார்கள். இப்போது நாலைந்து பேர்தான் தொடுகிறார்கள். எங்கே கோளாறு?

பதில்: கரு அருமை. மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு எப்போது வந்து சேரும் என்ற பேச்சைக் கேட்டே வளரும் பிள்ளைகள் அவர்கள். அந்தக் கதைக்கு நடுவில் பரீட்சைத் தாளைச் செருகிவிட்டீர்கள். (சிவப்பு மை நம் வாத்தியார் கூட்டத்தை லேசில் விடாது.)

முதல் வயலுக்கு 1/2, அடுத்ததற்கு 1/3, கடைசிக்கு மிச்சம் எவ்வளவு? ஒரு பிள்ளை மேலெண்களையும் கீழெண்களையும் தனித்தனியே கூட்டி 2/5 என்று வைத்துக்கொண்டு, மிச்சம் 3/5 என்கிறாள். 'பீப்' அவளுக்கு எதைக் கற்றுக்கொடுக்கும்? தப்பு என்பதை மட்டும், அதுவும் பக்கத்தில் இருப்பவனுக்கும் கேட்கிற மாதிரி. அதற்குப் பதில் மடைகளைத் திறந்து காட்டுங்கள். இரண்டு வயல் நிரம்புகிறது. மூன்றாவதில் தண்ணீர் கொஞ்ச தூரம் ஓடி நின்றுவிடுகிறது, மீதி வயல் வெடித்துக் கிடக்கிறது. கீழே ஒரே வரி: "முதல் இரண்டும் சேர்ந்து எவ்வளவு குடித்தன?" 1/6 என்ற விடையைச் சொல்லிவிடாதீர்கள். எத்தனை தடவை வேண்டுமானாலும் மடையை அடைத்துத் திறக்கட்டும். குறிப்பு வேண்டுமென்றால் அவளே தொட்டுக் கேட்கட்டும்.

பின்னூட்டம் என்றாலே நல்லது என்பதும் இல்லை. குளூகர், டெனிசி என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 1996-ல் 600-க்கும் மேற்பட்ட ஆய்வு முடிவுகளைத் தொகுத்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அது செயல்திறனைக் குறைத்தே இருந்தது. கவனம் வேலையை விட்டு 'நான் எப்படி' என்பதன் பக்கம் திரும்பினால் இப்படி ஆகும் என்பது அவர்கள் விளக்கம். உங்கள் பட்டியல் அதைத்தான் தினமும் செய்கிறது, எடுத்துவிடுங்கள். "நேற்று நாலு தடவை ஆயிற்று, இன்று இரண்டிலேயே நனைத்துவிட்டாய்" என்று அவரவருக்கு மட்டும் தெரியட்டும்.

நட்சத்திரத்தை நான் முழுக்க எதிர்க்கவில்லை. 1973-ல் வெளியான, உளவியலாளர் லெப்பர் குழுவின் ஆய்வில், படம் வரையப் பிடித்த சின்னக் குழந்தைகளில் சிலருக்கு 'வரைந்தால் சான்றிதழ்' என்று முன்பே சொன்னார்கள். பிறகு அவர்களுக்குத்தான் வரையும் ஆசை குறைந்தது. சொல்லாமல் திடீரென்று கொடுத்தவர்களிடம் அப்படி ஆகவில்லை. அதனால் எப்போதாவது, எதிர்பாராமல் ஒன்று கொடுங்கள், போதும்.

மடைப் படம் வரைய ஒரு வாரமாவது ஆகும். 'பீப்'பை இன்று சாயங்காலமே அணைத்துவிடலாம்.