ஒரு கண்மாய் போதும்

கேள்வி: எம்.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் சிவகங்கை மாவட்டம். ‘தமிழக நீர் மேலாண்மை: சங்க காலம் முதல் இன்று வரை’ என்று ஆய்வேட்டுக்குத் தலைப்பு கொடுத்தேன். “ரொம்பப் பெரிசு, சுருக்கிட்டு வாங்க” என்றார் நெறியாளர். ‘சிவகங்கை மாவட்டத்தில்’ என்று மாற்றினேன். அதுவும் பெரிசாம். ஐந்து மாதம்தான் இருக்கிறது. இன்னும் எப்படிச் சுருக்குவது?
- ஒரு வாசகி

பதில்: உங்கள் நெறியாளர் சொல்வது சரிதான். தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய்கள் ஏறக்குறைய 39,000. உங்கள் மாவட்டத்தில் மட்டுமே ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. மாநிலத்தை மாவட்டமாகக் குறைத்தீர்கள், ஆனால் எதைத் தெரிந்துகொள்ளப் போகிறீர்கள் என்பது இன்னும் தலைப்பில் வரவில்லை. அது வந்துவிட்டால் அளவு தானாகக் குறையும்.

உங்கள் ஊர்க் கண்மாயிலிருந்தே தொடங்குங்கள். அங்கே நீர்பாய்ச்சி இருந்தாரா என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். மடையைத் திறந்து, வாய்க்கால் வாய்க்காலாகத் தண்ணீரைத் திருப்பி, கடைமடை வயல் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பவர் அவர். தண்ணீர் குறைந்த வருஷம் முறை வைத்துப் பாய்ச்சுவார். கூலி பெரும்பாலும் அறுவடைக் களத்திலேயே நெல்லாகக் கிடைக்கும். அப்புறம் போர்வெல் வந்தது. போர் போட்டவருக்குக் கண்மாய்த் தண்ணீரை நம்பியிருக்க வேண்டிய அவசியம் குறைந்துவிட்டது. அவர் நீர்பாய்ச்சிக்குத் தொடர்ந்து நெல் அளந்தாரா? கரை மராமத்துக்கு ஆள் அனுப்பினாரா?

இதுதான் ஆய்வுக் கேள்வி. இதற்கு விடை இப்போது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தேடிப் போனால், போர்வெல்லுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, நீர்பாய்ச்சியின் பிள்ளைகள் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார்கள், அதனால்தான் முறை நின்றது என்றுகூடத் தெரியவரலாம். நாம் நினைத்தது தவறாகப் போவதற்கும் இடமிருக்கிற கேள்வியாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

காலத்தை 1970-லிருந்து வைத்துக்கொள்ளலாம். எழுபது வயதுக்காரர் ஒருவரின் தெளிவான நினைவு ஏறக்குறைய அங்கிருந்துதான் தொடங்கும். சங்கப் பாடலையும் கல்வெட்டையும் விட மனசு வராது, தெரியும். முன்னுரையில் ஒரு பத்தி கொடுங்கள், போதும்.

தலைப்பை எழுதிக் கொடுப்பதற்கு முன் ஒரு வாரம் ஆதாரம் தேடி அலையுங்கள். மாணவர்கள் பெரும்பாலும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள், பிறகு நான்காவது மாதத்தில் கையைப் பிசைகிறார்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் கேளுங்கள். எந்தப் புல எண்ணில் என்ன பயிர், அதற்குப் பாசனம் எதிலிருந்து என்று அதில் பதிந்திருக்கும். கண்மாயின் ஆயக்கட்டு, அதாவது அதன் தண்ணீர் பாயும் நிலப்பரப்பு, 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத்துறையில் விசாரிக்க வேண்டும், அதற்குக் குறைவென்றால் ஊராட்சி ஒன்றியத்தில். ஊரார் பங்கோடு நீர்நிலைகளைச் சீர்செய்யும் குடிமராமத்தை 2017-ல் அரசு மறுபடி தொடங்கியது. அதில் உங்கள் கண்மாய் சேர்ந்திருந்தால் அந்தக் கோப்பையும் கேட்டுப் பாருங்கள். பழைய அடங்கல் கிடைக்கவில்லை என்றால் கிடைக்கிற ஆண்டுகளுக்கு ஏற்பக் கேள்வியை மாற்றிக்கொள்ளுங்கள். அதில் தப்பே இல்லை.

பேட்டி எடுக்கும்போது ஒரு கவனம் வேண்டும். முதலில் பேச வருகிறவர்கள், தண்ணீர் முதலில் பாயும் தலைமடைப் பக்கம் நிலம் வைத்திருப்பவர்களாக இருப்பார்கள். “அந்தக் காலத்துல ஊரே ஒத்துமையா இருந்துச்சு” என்பார்கள். எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அதையே கடைமடைக்காரரிடமும் நடவுக்குப் போன பெண்களிடமும் கேளுங்கள். பல ஊர்களில் நீர்பாய்ச்சிகள் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர்கள். ‘எனக்கு இந்த வேலை வேண்டாம்’ என்று சொல்ல அவர்களால் முடிந்ததா என்பதை அவர்கள் வாயாலேயே கேட்க வேண்டும். பதிவு செய்யும் முன் அனுமதி வாங்குங்கள். பெயர் போட வேண்டாம் என்றால் போடாதீர்கள்.

தலைப்பு இப்போதைக்கு இப்படி இருக்கட்டும்: ‘நீர்பாய்ச்சியும் ஆழ்துளைக் கிணறும்: சிவகங்கை மாவட்டக் கண்மாய் ஒன்றில் பாசன முறை மாற்றம், 1970-2020’. ஆய்வு முடிகிறபோது இதில் பாதி மாறியிருக்கும், மாறட்டும்.

ஒரு கண்மாய் மட்டும் போதுமா என்று நெறியாளர் கேட்டால், உங்கள் கண்மாய் நிரம்பிக் கலுங்கு வழியாகத் தண்ணீர் எந்தக் கண்மாய்க்குப் போகிறதோ அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒப்பிட ஐந்து மாதம் தாராளமாகப் போதும். மூன்றாவது கண்மாய்க்கு மட்டும் சம்மதிக்காதீர்கள்.