சொந்த ஊரில் விசாவில் இருப்பவர்

கேள்வி: என் மகன் ஆறு வருடமாக சிங்கப்பூரில் என்ஜினியர். ஊருக்கு வந்துவிடப்பா என்றால், "நம்ம நாட்டுல வாழ்றதுக்கு ஒரே ஒரு நல்ல காரணம் சொல்லுங்கப்பா" என்கிறான். சாப்பாடு, தமிழ், சொந்தபந்தம் என்று சொல்லிப் பார்த்தேன், சிரிக்கிறான். போன தடவை வந்தபோது வீட்டு வாசலில் சாக்கடை வழிந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, "எட்டு மாசமா இப்படியா? யாரையாவது கேட்டீங்களா?" என்றான். நமக்கு எதுக்கு வம்பு என்று இருந்துவிட்டேன் என்றேன். அதற்கும் சிரிப்பு. அவன் வாயை அடைக்கிற மாதிரி பத்து காரணம் எழுதுங்கள் சார்.
– ஒரு வாசகர், உசிலம்பட்டி அருகே ஒரு கிராமம்

பதில்: பத்தெல்லாம் தர மாட்டேன். மகன் கேட்டது ஒன்று, நீங்கள் அதைப் பத்தாக்கியிருக்கிறீர்கள். எதிலும் உங்களுக்கே நம்பிக்கை இல்லை, எண்ணிக்கையில் அடித்துவிடலாம் என்று பார்க்கிறீர்கள்.

உங்கள் பட்டியலையே எடுத்துக்கொள்வோம். சாப்பாடா? சிங்கப்பூரில் நம்மவர் கடைகள் நிறைந்த தேக்கா பக்கம் போனால் அவனுக்குப் புரோட்டாவும் சால்னாவும் கிடைக்கும். மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிப் பெருமைப்பட்டோம், அந்த மல்லியே மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் இருந்து கிளம்பி விமானம் ஏறி சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போகிறது, பூவே போகும்போது பையன் போனதில் என்ன அதிசயம்? தமிழா? அங்கே நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று தமிழ். இங்கே, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004-ல் வந்தது, இன்றைக்கும் அங்கே வழக்காடு மொழி ஆங்கிலம்தான், தன் வழக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை வக்கீலின் முகத்தைப் பார்த்துத்தான் நம்மூர்க்காரர் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. சுத்தம், வசதி என்று பேச்சை எடுத்துவிடவே எடுத்துவிடாதீர்கள். மத்திய அரசின் தூய்மைக் கணக்கெடுப்பு முடிவு 2025-ல் வந்தபோது பெருநகரங்கள் 40-ல் மதுரைக்கு 40-வது இடம். மதுரை தோப்பூர் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள், 2022-ல் சேர்ந்த முதல் மாணவர்கள் ராமநாதபுரத்தில் இரவல் இடத்தில் பாடம் படித்தார்கள். இதெல்லாம் உங்கள் மகன் போனிலேயே இருக்கிறது, நீங்கள் வாயைத் திறக்கும் முன்பே எடுத்துக் காட்டிவிடுவான்.

சொந்தபந்தம் என்கிறீர்களா, அதைத் தாங்க முடியாமல்தான் பாதிப் பேர் விமானம் ஏறுகிறார்கள். விடுங்கள்.

அப்புறம் என்னதான் இருக்கிறது என்றால், ஒன்று இருக்கிறது. உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, நீங்கள்தான் தலைகீழாக எழுதியிருக்கிறீர்கள். "நமக்கு எதுக்கு வம்பு" என்று எழுதினீர்களே, அந்த வரி.

நான் சின்ன வயதில் மூன்று வருடம் ஷார்ஜாவில் கணக்கு எழுதினேன். பாஸ்போர்ட் முதலாளியின் பீரோவில். இரண்டு மாதச் சம்பளம் நின்றது, தண்ணீர் மூன்று நாளைக்கு ஒருமுறை வந்தது, அறையில் எட்டு பேர். எட்டு பேரும் இரவில் பாயில் படுத்துக்கொண்டு முதலாளியைத் திட்டுவோம், காலையில் அவர் வந்ததும் எழுந்து நிற்போம். பயம் என்றுகூடச் சொல்ல முடியாது. இது நம் இடமில்லை, இங்கே நாம் கேட்க முடியாது என்பது உடம்பில் ஏறிவிட்டது, அவ்வளவுதான். ஊர் திரும்பிய பிறகு ஒருநாள் ரேஷன் கடை வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு அப்பத்தா, எடை போடுகிறவரைப் பார்த்து, "ஏப்பா, தட்டுல இருந்து கைய எடு, நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார். அவர் எடுத்தார். அந்த அரிசிக்கு அப்பத்தா ஒரு பைசா கொடுக்கப்போவதில்லை, 2011-ல் இருந்து விலையில்லா அரிசி. ஆனாலும் எடை சரியாக வேண்டும், ஏனென்றால் அது யாரும் போடுகிற தர்மமில்லை என்று அந்த அம்மாவுக்குத் தெரியும். மூன்று வருடமாக எனக்கு என்ன இல்லாமல் போயிருந்தது என்பது அந்த வரிசையில்தான் தெரிந்தது.

உங்கள் மகனிடம் கேட்டுப் பாருங்கள். சிங்கப்பூரில் ஹாங் லிம் பூங்காவில் பேச்சாளர் மூலை என்று ஒன்று உண்டு, பொது விஷயங்களைப் பேச, கூட்டம் போட அரசாங்கமே ஒதுக்கிய இடம். கூட்டம் போடும் உரிமை குடிமக்களுக்குத்தான், ஆர்ப்பாட்டத்தில் கலந்துகொள்ள நிரந்தரவாசிகளுக்கும் இடம் உண்டு. வேலை அனுமதியில் இருக்கும் உங்கள் மகன் அங்கே நடக்கிற ஆர்ப்பாட்டத்தில் போய் நிற்கக்கூட முடியாது. நான் குறை சொல்லவில்லை, அவர்கள் நாடு, அவர்கள் சட்டம். வரி கட்டலாம், பாலம் கட்டலாம், வாயை மட்டும் திறக்கக் கூடாது. சுத்தமான தெருவில் நடக்கலாம், அது அசுத்தமானால் ஏன் என்று கூட்டம் போட்டுக் கேட்க அவனுக்கு வழி இல்லை.

இங்கே என்ன நடந்தது? உசிலம்பட்டிக்காரருக்கு மேலூர் தூரம்தான், ஆனாலும் அரிட்டாபட்டி மறந்திருக்காது. ஏழு குன்று, பாறையில் தமிழி என்கிற பழைய தமிழ் எழுத்தில் கல்வெட்டு, சமணர் படுக்கை, பாண்டியர் குடைந்த சிவன் கோயில், வல்லூறு கூடு கட்டுகிற மலை. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். சரியாக இரண்டு வருடம் கழித்து, 2024 நவம்பரில், அந்தப் பக்கம் 2,000 ஹெக்டேருக்கு மேல் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்துவிட்டது என்று செய்தி வருகிறது. அந்த ஊர்களில் பலருக்கு டங்ஸ்டன் என்பது அதுவரை பல்புக்குள் இருக்கிற கம்பி. யாரும் நமக்கு எதுக்கு வம்பு என்று இருக்கவில்லை. கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள், மேலூரில் கடையை அடைத்தார்கள், டிசம்பர் 9 அன்று சட்டமன்றமே ஏலத்தை ரத்து செய்யச் சொல்லித் தீர்மானம் போட வேண்டியதாயிற்று. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியில் இருந்து மதுரை தல்லாகுளம் வரை சனம் நடந்து வந்தது, வயலில் வேலை இருக்கிற நாளில், பிள்ளைகளையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு. போலீஸ்காரர்கள் வழக்கும் போட்டார்கள், ஆயிரக்கணக்கான பேர் மேல், பிறகு வாபஸ் என்று அறிவித்தார்கள். ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. மூன்று மாதம்கூட ஆகவில்லை! எல்லாப் போராட்டமும் இப்படி ஜெயிக்கும் என்று நான் சொன்னால் நீங்களே நம்ப மாட்டீர்கள், இதைவிட நியாயமான எத்தனையோ கோரிக்கை பத்து வருடமாக ஃபைலில் தூங்குகிறது. ஆனால் தல்லாகுளத்துக்கு நடந்து வந்த ஒருவரிடமும் "உனக்கு இங்கே நிற்க என்ன உரிமை, விசாவைக் காட்டு" என்று எவரும் கேட்க முடியாது. மகனிடம் சொல்ல என்னிடம் இருக்கிற காரணம் இதுதான். நீங்கள் எதிர்பார்த்த அளவுக்கு இனிப்பாக இருக்காது.

இதைச் சொல்லிவிட்டு இன்னொன்றைச் சொல்லாமல் போனால் பொய்யாகிவிடும். அதே மேலூர் வட்டாரத்தில்தான் மேலவளவும் இருக்கிறது. தனித் தொகுதியாக ஒதுக்கப்பட்ட அந்த ஊராட்சிக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனை, தலித் ஒருவர் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது என்பதற்காக, 1997 ஜூன் 30 அன்று பஸ்ஸை மறித்து, அவரோடு இருந்தவர்களையும் சேர்த்து வெட்டினார்கள். சொந்த ஊர்தான், சொந்த நாடுதான், ஓட்டு, சட்டம் எல்லாமே கையில் இருந்தது. ஆக, நான் இவ்வளவு நேரம் பெரிதாகப் பேசிய இந்த உரிமை எல்லோர் வீட்டு வாசலிலும் ஒரே அளவில் வந்து இறங்கவில்லை. சிலர் அதற்கு உயிரைக் கொடுத்தார்கள். உங்களுக்கும் எனக்கும் அது சும்மா கிடைத்திருக்கிறது, அதை நாம் என்ன செய்து வைத்திருக்கிறோம் பாருங்கள், எட்டு மாதமாக வாசலில் சாக்கடை, வாயில் பூட்டு.

கோபித்துக்கொள்ளாதீர்கள் ஐயா. சிங்கப்பூரில் மகன் விசாவில் இருக்கிறான், உசிலம்பட்டி பக்கத்தில் நீங்களும் விசாவில்தான் இருக்கிறீர்கள். அவன் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறான், நீங்கள் யாரும் கேட்காமலே மூடிக்கொண்டீர்கள். இரண்டு பேரில் யாருக்குச் சம்பளம் அதிகம் என்று பார்த்தால் அவன் சிரிப்பது நியாயம்தானே. அவன் வந்து அந்தச் சாக்கடைக்குப் பக்கத்தில் உங்களோடு சேர்ந்து வம்பு வேண்டாம் என்று உட்கார்ந்திருப்பதற்கு அங்கேயே இருக்கலாம், நானே அவனிடம் சொல்வேன். இன்னொரு விஷயம், வருவதும் வராததும் அவன் பாடு. அவனை வரவழைக்க நாட்டைத் தூண்டில் புழுவாக ஆக்காதீர்கள்.

சரி, உருப்படியாக ஒன்று. வருடத்தில் ஆறு நாள் கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற யாரும் எழுந்து கேட்கலாம், கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லலாம், எழுதிய பிறகு வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். அதுவரை பொறுக்க முடியாது என்றால் திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர் கூட்டம் நடக்கும், உசிலம்பட்டியில் பஸ் ஏறினால் காலையிலேயே போய்ச் சேர்ந்துவிடலாம். வாய்க்காலுக்கு எவ்வளவு பணம் ஒதுக்கினார்கள், எங்கே போனது என்று தெரிய வேண்டுமானால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி எழுதிக் கேளுங்கள், முப்பது நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு. பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போங்கள், தனியாகப் போனால் உட்கார வைத்தே அனுப்பிவிடுவார்கள், அனுபவத்தில் சொல்கிறேன்.

மனுவைக் கொடுத்ததும் ரசீது தருவார்கள், வாங்காமல் நகராதீர்கள். அதை போட்டோ எடுத்து மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். கூடவே ஒரு வார்த்தை எழுத வேண்டாம். ரசீது எண் மட்டும் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.